சுடாத துவக்குக்கு ஒரு பூட்டு

எங்கள் அத்தான் வீட்டாருக்குக் கண்டாவளைப் பக்கத்துக் கோவிலொன்றில் ஓர் உரிமை உண்டு. வேட்டைத் திருவிழாவன்று சுவாமி வெளியே புறப்படும்போது, அவர்கள் வீட்டு ஆள் ஒருவர் பழைய துவக்கொன்றைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். வயல்வெளி தொடங்கும் இடத்தில் மேளம் நிற்கும். துவக்கின் குதிரையை, அதாவது சுத்தியல் மாதிரி விழுந்து அடிக்கிற பாகத்தை, மூன்று தரம் இழுத்து விடவேண்டும். ஒவ்வொரு தரமும் அது விழும்போது பின்னால் நிற்கும் ஒருவர் சீனவெடியொன்றைக் கொளுத்திப் போடுவார். குழாய்க்குள் ஈயம் வார்த்து வாயை அடைத்து, முறைப்படி அனுமதியும் எடுத்து கோவில் வாகனசாலையில் வைத்திருக்கும் துவக்கு அது. ஒரு நாளும் சுடாது. துவக்கு ‘டக்’, வெடி ‘படார்’, வேட்டை முடிந்தது. இது சுவாமிக்கும் தெரியும், சனத்துக்கும் தெரியும். ஆனாலும் அந்த நேரம் ஒருவரும் சிரிப்பதில்லை, என்னைத் தவிர.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது துவக்கு மடைப்பள்ளிப் பரணில் அப்படியே கிடந்தது. பூட்டுத்தான் இல்லை. பூட்டு என்றால், குதிரையும் அதை அடிக்க வைக்கிற வில்லும் ஒரே இரும்புத் தகட்டில் சேர்ந்து துவக்கின் பக்கத்தில் பதிந்திருக்கும் தொகுதி. இரண்டு திருகாணியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். வந்து எங்கேயோ போயும்விட்டது. அத்தான் உயிரோடிருந்த காலமெல்லாம் பூட்டில்லாத துவக்கோடு போய், மேளம் நின்றதும் நாக்கை மேலண்ணத்தில் அடித்து ‘டக்’ என்று சமாளித்தார். நல்ல உரத்த நாக்கு. வெடிக்காரருக்கு அது போதும், காணும்.

அத்தான் செத்தபின் ஒரு வருசம் சாவுத் துடக்கென்று அக்கா வீட்டார் விலகி நின்றார்கள். இந்த வருசம் அவர்கள் திரும்பவும் தூக்க வேண்டும். அக்காவுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகள், கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் தாதி. “நான் தூக்கிறன்” என்று அவளே சொல்லிவிட்டாள். கோவில் தலைவருக்குப் பெண்பிள்ளை துவக்குத் தூக்குவது பிடிக்கவில்லை. ஆனால் அதை அக்காவின் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவும் இல்லை. ஆகவே வேறொன்றைச் சொன்னார்.

“பிள்ளை தூக்கிறதில எங்களுக்கு ஒண்டுமில்லை. ஆனால் துவக்கு அடிக்க வேணும். பூட்டில்லாத துவக்கு உலக்கைதானே? உலக்கையைச் சுவாமிக்கு முன்னால கொண்டு போகேலாது பாருங்கோ. உங்களுக்குக் கரைச்சலெண்டால் சொல்லுங்கோ, பொருளாளர் வீட்டார் புதுசா ஒரு துவக்குச் செய்விச்சுத் தாறன் எண்டவை. அவையே தூக்குவினம்.”

அக்கா கோவிலிலிருந்து வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தா. “இவ்வளவு நாளும் மனுசன் நாக்கால அடிச்சது கேட்டுதாம். இப்ப மட்டும் இரும்பால அடிக்கவேணுமாம்” என்றா. பிறகு, “அவர் போனவர். அவரின்ரை இடமும் போகவேணுமோ?” என்றா. என்னைப் பார்த்துத்தான் கேட்டா.

நான் நீர்ப்பம்பி திருத்துகிறவன். என்னிடம் ஏன் கேட்டா என்பதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பொருமுறை வயல் உழும்போது கிளம்பிய துருப்பிடித்த இரும்பொன்றை ஒருவர் கொண்டுவந்து, பம்பியின் சாமானோ என்று கேட்டார். நான் கைத்தொலைபேசியில் தேடி, யாரோ ஒரு வெள்ளைக்காரர் விளக்கும் காணொளியை, ஆள் மெதுவாகக் கதைக்கிறார் என்று இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். “இது கேப் வைச்சு அடிக்கிற காலத்துத் துவக்குப் பூட்டு. வில் குதிரைக்குப் பின்னால கிடக்குது. முன்னால கிடந்தா அது வேற சாதி” என்று அறிவித்தேன். வந்தவர் வாயைப் பிளந்தார். அவர் வாயை மூடுவதற்குள் நான் வன்னியின் துவக்கு நிபுணராகிவிட்டேன்.

“அக்கா, ஒரு கிழமை தா. கொண்டு வாறன்.”

“உன்ரை ஒரு கிழமை எனக்குத் தெரியும். என்ரை பம்பியை ஒரு கிழமையெண்டு கொண்டுபோய், நெல்லு வெட்டினாப்பிறகுதான் கொண்டந்தனி.”

கொடியேற்றம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியாது. சாப்பிடும்போதே ஒரு கால் வாசலில் நிற்கும். அன்றைக்கே வாகனசாலைக்குப் போய், துவக்கின் மரத்தில் பூட்டுப் பதிந்திருந்த பள்ளத்தின் மேல் ஒரு கொப்பித்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். பள்ளத்தின் உருவம் அப்படியே விழுந்தது. முன்பக்கம் அகலம், பின்பக்கம் கூர்வால், திருகாணிக்கு இரண்டு துளை. தையற்காரன் மாதிரி அதைச் சுற்றிவர வெட்டிச் சட்டைப்பையில் போட்டேன். திரும்பிவந்து வெளிக்கிடும்போது அக்கா தன் முற்றத்தில் நின்று ஏதோ சொன்னா. நான் மோட்டார் சைக்கிளை உதைத்துவிட்டேன்.

முதலில் பளை. அங்கே ஒருவரிடம் பூட்டு இருப்பதாகக் கேள்வி. இருந்ததுதான். ஆட்டுக்கொட்டில் கேற்றுக்குக் கொளுக்கியாகப் பூட்டியிருந்தார். குதிரையை இழுத்தால் கேற்றுத் திறக்கும், விட்டால் மூடும். அந்த வேலைக்கு அதைவிட நல்ல சாமான் உலகத்தில் இருக்க முடியாது. தாளை வைத்துப் பார்த்தேன். வால் உருண்டை. எங்களுடையது கூர். ஆனாலும் மனம் கேட்கவில்லை.

“அண்ணை, வாலை அராவினால் சரிவரும். கழட்டட்டோ?”

“கழட்டும். ஆடு வெளிக்கிட்டால் நீர்தான் பிடிச்சுத் தரவேணும்.”

உள்ளே நின்ற கிடாய் என்னை மேலும் கீழும் பார்த்தது. நான் வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்து பூவரசங்குளம். ஏ-9 வழியே போகும்போது வழியெல்லாம் மனத்துக்குள் துவக்கைப் பூட்டிக் கழற்றிக்கொண்டே போனேன். மாங்குளத்தில் தேநீர் வாங்கிவிட்டுக் குடிக்க மறந்து வண்டியை எடுத்து, கடைக்காரர் கத்த, திரும்பிவந்து நாக்குச் சுடக் குடித்தேன். பூவரசங்குளத்தில் ஒரு கமக்காரர் சாக்கில் சுற்றிய பூட்டொன்றை அவிழ்த்துத் தந்தார். தாளை வைத்தேன். மயிரிழையும் பிசகாமல் பொருந்தியது. வால் கூர். துளை இரண்டும் நேருக்கு நேர். வில்லும் நல்ல உயிரோடிருந்தது. நான் அந்த மனிசனைக் கட்டிப்பிடித்தேன். அவர் பயந்துபோய், “கொண்டு போங்கோ, கொண்டு போங்கோ” என்றார்.

அக்கா வீட்டு முற்றத்தில் துவக்கை மடியில் வைத்து, நான் பூட்டை எடுத்து, “பார்” என்று பள்ளத்தில் வைத்தேன். பொருந்தவில்லை. திருப்பி வைத்தேன். பொருந்தியது. ஆனால் குதிரை வெளிப்பக்கம் நிற்பதற்குப் பதிலாக மரத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது.

அக்காவின் மகள், என் மருமகள், தாளை வாங்கினாள். ஒரு பக்கம் பார்த்தாள், மற்றப் பக்கம் பார்த்தாள்.

“மாமா, தாளைக் கவிட்டு வைச்சு அளந்தனீங்களோ?”

இரட்டைக்குழல் துவக்கென்றால் இரண்டு பக்கமும் பூட்டு இருக்கும். நான் கொண்டுவந்தது இடப்பக்கத்துப் பூட்டு. எங்களுடைய துவக்குக்குப் பூட்டு வலப்பக்கம். தாளுக்கு இடமும் தெரியாது வலமும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

“பரவாயில்லை மாமா. வேட்டையண்டைக்கு ஒரு கண்ணாடியைப் பிடிச்சுக்கொண்டு போவம். கண்ணாடிக்குள்ள பாத்தால் சரியா இருக்கும்.”

அக்கா சிரிக்கவில்லை. “அந்தாள் பூட்டைக் கழட்டி முல்லைத்தீவில தன்ரை சிநேகிதனிட்டைக் குடுத்ததெண்டு சொன்னனான்தானே. என்னத்துக்குப் பளையும் பூவரசங்குளமும் சுத்தினனி?”

“நீ எப்ப சொன்னனி?”

“நீ வண்டியை உதைக்கேக்கை.”

நான் எழும்பினேன். அக்கா மோட்டார் சைக்கிள் திறப்பைப் பிடுங்கிக்கொண்டா. “இரு. முழுக்கக் கேட்டிட்டுப் போ.”

இருந்தேன். கேட்டேன். அத்தான் நெல்லுக் கொண்டுபோய்க் கொடுத்துக் கருவாடு வாங்கிவரும் வீடொன்று முல்லைத்தீவுக் கரையில் இருந்தது. அந்த வீட்டு மீன்பிடிகாரரும் அத்தானும் உயிருக்குயிர். அந்த நாட்களில் துவக்கு வைத்திருந்தவர்கள் பலர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். துவக்கை ஓரிடத்தில் வைப்பது, பூட்டைக் கழற்றி இன்னொருவரிடம் கொடுப்பது. யார் வந்து சோதித்தாலும் இந்த வீட்டில் இருப்பது வெறும் குழாய், அந்த வீட்டில் இருப்பது வெறும் இரும்புத்துண்டு. துவக்கு ஒருவரிடமும் இல்லை. அத்தானும் அப்படித்தான் செய்திருக்கிறார். மற்றவர்கள் திரும்பிவந்து பூட்டை வாங்கிக்கொண்டார்கள். அத்தானுக்கு நாக்கு நன்றாக அடித்ததால் அவசரமில்லாமல் போய்விட்டது.

பரந்தனால் திரும்பி, புதுக்குடியிருப்புத் தாண்டி, மதியத்துக்கு முன் கடற்கரையில் நின்றேன். அந்த மீன்பிடிகாரர் கரையில் தன் கொட்டிலான வாடிக்குள் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். கழுத்தில் செபமாலை. அத்தான் செத்த செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு பால்மாத் தகரப்பேணியைக் கொண்டுவந்தார்.

பேணிக்குள் இரண்டு பொதி. கிறீஸ் பூசி, சைக்கிள் ரியூப்பால் சுற்றி, வலை நூலால் கட்டியவை. ஒன்றில் ஒரு மாதிரி முடிச்சு, மற்றதில் வேறு மாதிரி.

“கனபேர் தந்தவை தம்பி. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு முடிச்சு. பேரெழுதி வைச்சால் ஆரும் வாசிப்பான். முடிச்சை நான்தான் வாசிப்பன்.” விரலால் தடவிப் பார்த்து ஒன்றை எடுத்தார். “இது உம்மடை அத்தான்ரை.”

அவிழ்த்தோம். தாளை இம்முறை ஏழு கோணத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தேன். அச்சொட்டு. குதிரை முழுக்கப் பின்னால் இழுபட்டபடி நின்றது. மெல்ல விசையைத் தொட்டேன். அது விழவில்லை, சரிந்தது. உள்ளே வில் இரண்டாக உடைந்து கிடந்தது.

“எட, இழுத்த குதிரையை இறக்காமலே தந்திட்டுப் போயிருக்கிறான்!” அவர் தலையில் கைவைத்தார். “நான் கடற்காரன், எனக்கென்ன தெரியும்? தந்தபடி கட்டி வைச்சன். அது இவ்வளவு காலமும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டெல்லே இருந்திருக்குது.”

அவருக்கு அழுகை வந்தது. எனக்கு மற்றப் பொதியின்மேல் கண் போனது. இப்படிப்பட்ட நேரங்களில் என் புத்தி இப்படித்தான் வேலை செய்யும். “அதையும் ஒருக்காப் பாப்பமே அண்ணை?”

பார்த்தோம். ஒரே கடையில் வாங்கிய துவக்குகளாக இருக்க வேண்டும். அதே தகடு, அதே வால், அதே துளை, வலப்பக்கம். குதிரை இறங்கி அமைதியாகப் படுத்திருந்தது. இழுத்து விட்டேன். வாடிக்குள் படுத்திருந்த பூனை எழும்பி ஓடியது.

“அண்ணை, இது காணும்!”

அவர் அதை என் கையிலிருந்து எடுத்தார். “இது உங்கடையில்லை.”

“ஆரின்ரை?”

“ஒட்டுசுட்டான் பக்கம் கமம் செய்த பெடியன். கலியாணம் முடிச்ச புதுசு. தந்திட்டு, வாறன் எண்டு போனவன்.”

“வந்தவரோ?”

“வந்திருந்தா இது இங்கை இருக்குமோ?”

ரியூப்பைச் சுற்றி, அதே முடிச்சைப் போட்டு, பேணிக்குள் வைத்து மூடினார். அதற்குமேல் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. எனக்கு வாய் வராமல் போவது அபூர்வம்.

வில் உடைந்த பூட்டோடு திரும்பினேன். வில்தானே, செய்தால் போகிறது என்று இறங்கினேன். இரும்பு அரியும் வாளொன்றை வெட்டி, நெருப்பில் காய்ச்சி வளைத்து, எண்ணெயில் நனைத்து எடுத்தேன். முதல் வில் கையிலேயே முறிந்து கூரையில் போய்க் குத்தியது. அடுத்தது முறியவில்லை. அதற்கு முறியவேண்டிய தேவையே இருக்கவில்லை, ஈர்க்கு மாதிரி வளைந்து கொடுத்தது. அதைப் பூட்டி வாகனசாலைக்குக் கொண்டுபோனேன். தலைவர் வந்து குதிரையை இழுத்து விட்டார். அது ஆறுதலாகக் குனிந்து, தொடவேண்டிய இடத்தைத் தொட்டு நின்றது.

“இதென்ன, அடிக்கச் சொன்னால் கும்பிடுது?” என்றார்.

கொடியும் ஏறிவிட்டது. பொருளாளர் வீட்டுப் புதுத் துவக்கு தச்சனிடம் வார்னிஷ் காய்கிறதென்று செய்தி வந்தது. கடையில் மூன்று பம்பி பிரித்தபடி கிடந்தன. நான் ஒன்றைத் தொட்டு மற்றதைத் தொட்டு ஒன்றையும் முடிக்காமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். பம்பிக்காரர்கள் வந்து என்னைத் திட்டினார்கள். அக்கா திட்டவில்லை, அதுதான் கூடக் கரைச்சலாக இருந்தது. குசினிக்குள் நின்று, “சரி விடு. போகட்டும்” என்று மட்டும் சொன்னா. அத்தானின் வேட்டியைத் தோய்த்து, மஞ்சள் கரையை இழுத்து இழுத்து மடித்துக்கொண்டிருந்தா. வேட்டையன்று அவர் உடுக்கிற வேட்டி அது.

மருமகள் வேலை முடிந்து சீருடையோடே என் கடைக்கு வந்தாள். “மாமா, என்னை முல்லைத்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

“அந்தாள் தராது பிள்ளை.”

“நீங்கள் என்னெண்டு கேட்டனீங்கள்?”

“இது காணும் எண்டனான்.”

“அதுதான்” என்று பின்னால் ஏறினாள்.

வாடியில் அவள் மணலில் அவருக்கு முன்னால் இருந்தாள். அவர் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தானின் மூக்கு அவளுக்கு.

“நீயோ தூக்கிறது?”

“ஓம் பெரியப்பா. அம்மா தூக்கச் சொல்லேல்லை. நான்தான் கேட்டனான்.”

“பூட்டு என்ரையெண்டால் இப்பவே தந்திடுவன் பிள்ளை. இரவல் குடுக்கவும் எனக்கு உரிமையில்லை. அவன் என்னை நம்பித் தந்தவன்.”

“என்ன சொல்லித் தந்தவர்?”

“கைவிடாதேங்கோ எண்டு.”

“அப்ப கைவிடாதேங்கோ. நீங்களே கொண்டுவாங்கோ. நீங்களே பக்கத்தில நில்லுங்கோ. மூண்டு தரம் அடிச்ச உடனை நீங்களே கழட்டிக்கொண்டு போங்கோ. அது உங்கடை கண்ணை விட்டு எங்கயும் போகாது.”

அவர் வலை நூலை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். “நான் வேதக்காரன். உங்கடை கோவிலுக்குள்ள…”

“வேட்டை வயல்கரையிலதானே. அங்கை மாடும் நிக்கும், மாமாவும் நிப்பார்.”

அவர் சிரித்துவிட்டார். நான் இரண்டு வாரமாக அலைந்து கெடுத்த காரியத்தை அவள் மணலில் இருந்தபடி முடித்துவிட்டாள்.

வேட்டையன்று பின்னேரம் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்தேன். வெள்ளைச் சேட்டும் சாரமும், மடியில் பால்மாப் பேணி. வயல்கரையில் வைத்து நான் திருகாணிகளை முறுக்க, அவர் என் கையைப் பார்த்தபடியே நின்றார். தலைவர் வந்து எட்டிப்பார்த்தார். “இது எங்கையிருந்து?” என்றார். “முல்லைத்தீவு” என்றேன். அவர் மேலும் கேட்க வாயெடுக்க, சுவாமி வந்துவிட்டார்.

மருமகள் மஞ்சள் சேலையில் முன்னால் வந்தாள். மேளம் நின்றது. சனம் கூர்ந்து பார்த்தது. சிலர் அவளை, சிலர் துவக்கை. அவள் குதிரையைப் பெருவிரலால் இழுத்தாள், விசையைத் தொட்டாள்.

டக்!

வயலுக்கு அப்பால் ஒரு கூட்டம் கொக்குப் பறந்தது. இத்தனை வருசமாக அத்தானின் நாக்குக்குப் பழகிப்போயிருந்த வெடிக்காரர் அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு நெருப்புப்பெட்டியைக் கீழே விட்டுவிட்டார். அவர் தடவி எடுத்து, கொளுத்தி, ‘படார்’ வந்து சேர்வதற்குள் நான் இரண்டு தரம் செத்துப் பிழைத்தேன். இரண்டாவது சரியாக அமைந்தது. மூன்றாவதில் டக்கும் படாரும் ஒன்றாகவே விழுந்தன. யாரோ “அரோகரா” என்றார்கள். பிறகு எல்லாரும் சொன்னார்கள். அக்கா கைகூப்பியபடி நின்றா, எனக்கு முகம் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

மேளகாரர் தவிலில் கைவைக்கப் போனார். மீன்பிடிகாரர் முன்னால் வந்து, “பிள்ளை, இஞ்சை தா” என்றார். அந்த இடத்திலேயே குந்தியிருந்து திருகாணியைக் கழற்றத் தொடங்கினார்.

“இதென்ன அண்ணை?” தலைவர் பதறினார். “சுவாமி இன்னும் உள்ளுக்குப் போகேல்லை!”

“அடிச்சு முடிஞ்சுதுதானே ஐயா? இது இன்னொருத்தன்ரை. அவன் வந்தால் குடுக்க வேணும்.”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மருமகள்தான் எல்லாவற்றையும் சொன்னாள், யாருடைய பூட்டு, எப்படி வந்தது, ஏன் திரும்பிப் போகிறது என்று. சுற்றி நின்ற சனம் நெருங்கி வந்து கேட்டது. அந்தக் கூட்டத்தில் ‘வாறன்’ என்று போன ஒருவரை எதிர்பார்க்காத வீடு குறைவு.

தலைவர் மீன்பிடிகாரரிடம் திரும்பினார். “அப்ப அடுத்த வருசம்?”

“அவன் வரேல்லையெண்டால் கொண்டுவாறன்” என்றார் மீன்பிடிகாரர். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். முடிச்சுப் போட்ட விரல் நின்றது.

அக்கா கிட்ட வந்தா. “அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை. அவர் வரட்டும். வந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவரே தன்ரை கையால பூட்டட்டும்.”

தலைவர் ஒருவரையும் பார்க்காமல் மேளகாரருக்குக் கை காட்டினார். “பிள்ளை, நீ முன்னால நட” என்றார். மருமகள் துவக்கைத் தோளில் வைத்தாள். பூட்டு இருந்த பக்கம் வெறும் பள்ளம். அதை மறைக்க அவள் ஒன்றும் செய்யவில்லை. அப்படியே சுவாமிக்கு முன்னால் நடந்து போனாள்.

நான் மீன்பிடிகாரரை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன். வழக்கம்போல் எடுத்த எடுப்பிலேயே முறுக்கினேன். பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு விழுந்தது.

“மெல்லமா ஓடும் தம்பி. மடியில ஆரின்ரையோ சாமான் இருக்குது.”

பரந்தன் சந்திவரைக்கும் மெல்லத்தான் ஓடினேன். சைக்கிள்காரர்களெல்லாம் எங்களை முந்திக்கொண்டு போனார்கள்.